புண்ணைத் தூய்மை செய்யும் புழு: ஒரு மருத்துவமும் அதன் சொற்களும்

தமிழில் புழு என்னும் சொல்லுக்கு நற்பெயர் கிடையாது. அரிசியைக் கெடுப்பது புழு. பழத்தைப் பாழாக்குவது புழு. ஒருவரை இழித்துரைக்க அவரைப் புழு என்கிறோம். வேதனை மிகுந்தால் புழுவாய்த் துடிக்கிறோம். வசையின் உச்சம் 'புழுத்துச் சாவாய்' என்பது. 'புழுத்தல்' என வினையாகும்போது அச்சொல்லில் சிதைவு என்னும் ஒரு பொருளே எஞ்சுகிறது. பட்டுப்புழுவையும் மண்புழுவையும் நீக்கிவிட்டால், அதற்குப் பரிந்து பேசும் வழக்கு நம்மிடம் அரிது.

மருத்துவம் பயிலாத மொழியியலாளன் ஒருவன் புண்ணைப் பற்றியும் புழுவைப் பற்றியும் இம்மன்றத்தில் உரையாற்ற வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு என் தமக்கையின் கணவருக்கு வலக்கால் பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், ஒரு புண் வந்தது. அவர் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி. இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோயர். புண் மூன்று மாதம் ஆறவில்லை. ஒரு மருத்துவமனையில் அவருக்குப் புதியதொரு மருத்துவத்தைப் பரிந்துரைத்தனர். அதனை மலாய்மொழியில் விளக்கிய தாதி, 'ஊலாட்' என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். புழு என்பது அதன் பொருள். அன்று மாலையே அத்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்பிள்ளை, என் கால்ல புழு விடப் போறாங்களாம். செத்த பெறகு திங்கட்டும். இப்பவே எதுக்கு?"

நான் சொன்ன மறுமொழி, மொழி படித்தவனுக்கே உரிய பிழையாக அமைந்தது. "அது புழு இல்லை அத்தான், இளவுயிரி" என்றேன். "எளவு உயிரியா?" என்று திருப்பிக் கேட்டார். பேச்சுத் தமிழில் சொல்முதல் இகரம் எகரமாகத் திரியும், ழகரம் ளகரமாக ஒலிக்கும், அப்போது இளவும் இழவும் ஒன்றாகிவிடும் என்று பல ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். வேண்டிய நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அவர் பத்து நாள் அந்த மருத்துவத்தை மறுத்தார். அந்தப் பத்து நாளில்தான் நான் இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் புண். வெட்டுக்காயம் ஒன்று ஏற்பட்டால் உடம்பு அதனை ஒரு வரிசைப்படி ஆற்றுகிறது: குருதி உறைகிறது, அழற்சி தோன்றி அழுக்கை அகற்றுகிறது, புதுச்சதை வளர்கிறது, தோல் மூடுகிறது. நெடுநாள் புண் என்பது இவ்வரிசை இடையில் நின்றுவிட்ட நிலை. வாரங்கள் கழிந்தும், மாதங்கள் கழிந்தும் அது அழற்சியிலேயே தங்கிவிடுகிறது. நீரிழிவு நோயர்க்கு இது நேர இரண்டு வழிகள் உண்டு. கால் நரம்புகள் உணர்விழப்பதால் செருப்பு கடிப்பதும் கல் குத்துவதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. குருதிக்குழாய்கள் குறுகுவதால், ஆற்றுவதற்கு வேண்டிய உயிர்வளியும் ஊட்டமும் அவ்விடத்தை எட்டுவதில்லை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில், வளர்ந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள் எனக் கண்டறியப்பட்டது. இந்தியரிடையே அவ்விகிதம் மூவரில் ஒருவரை நெருங்கியது. 'இனிப்பு நீர்' என்று நாம் வீட்டில் பேசும் சொல் எவ்வளவு இனிப்பற்றது என்பதை, கால் இழந்த ஒருவரையேனும் அறிந்த குடும்பங்கள் உணரும்.

இத்தகைய புண்ணின் மேல் இறந்த திசு படிந்திருக்கும். சில நேரம் அது மஞ்சள் நிறப் பசைபோல் இருக்கும். சில நேரம் கரும்பொருக்காக இறுகியிருக்கும். நுண்ணுயிரிகள் தங்கிப் பெருகுவதற்கு அது வாய்ப்பான இடம். புதுச்சதை வளர்வதையும் அது தடுக்கிறது. ஆகவே எந்த மருந்தையும்விட முதலில் செய்யவேண்டியது அதனை அகற்றுவதாகும். மருத்துவ உலகம் இச்செயலை 'டிபிரைட்மென்ட்' என்கிறது. இது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதன் முதற்பொருள் குதிரையின் கடிவாளத்தை அவிழ்த்தல். இறுக்கிப் பிடித்திருப்பதை நீக்கினால் உடம்பு தானே ஓடும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அகற்றும் வழிகள் பல. அறுவைக் கத்தி விரைவானது. ஆனால் இறந்த திசு முடிந்து உயிருள்ள திசு தொடங்கும் எல்லை கண்ணுக்கு எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. முதியோர் சிலரின் உடல்நிலை மயக்க மருந்துக்கு இடங்கொடுப்பதில்லை. ஈரக்களிம்புகள் மென்மையானவை, ஆனால் மெதுவாகவே வேலை செய்கின்றன. அந்த எல்லையைக் கண்ணால் தேடவேண்டிய தேவையின்றி, இறந்ததை மட்டும் எடுக்கின்ற ஓர் உயிர் இருக்கிறது. அது பசுமை மின்னும் ஒரு வகை ஈயின் புழு.

மேலைநாடுகளில் பயன்படும் இனத்தின் அறிவியற்பெயர் லூசிலியா செரிக்காட்டா. நம் வெப்பநாட்டு மருத்துவத்தில் பயன்படுவது அதன் உறவினமான லூசிலியா குப்ரினா. இலத்தீனில் 'செரிக்காட்டா' என்றால் பட்டுடுத்தியது. 'குப்ரினா' செம்பு என்னும் சொல்லிலிருந்து வருவது. நாம் துரத்தியடிக்கும் ஓர் ஈயைப் பட்டுடுத்தியவளாக ஒருவர் கண்டு பெயரிட்டிருக்கிறார் என்பதை, பெயராய்வில் ஈடுபாடுள்ள மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இப்புழுவிற்குப் பல் இல்லை. வாயில் இரண்டு சிறு கொக்கிகள் உள்ளன; அவற்றால் பற்றி நகர்கிறது. நாம் உணவை விழுங்கிய பின் செரிக்கிறோம். இது செரித்த பின் விழுங்குகிறது. புரதத்தைக் கரைக்கும் நொதிகளைப் புண்ணின் மேல் உமிழ்கிறது. இறந்த திசு கூழாகிறது. அந்தக் கூழை உறிஞ்சிக் குடிக்கிறது. உயிருள்ள திசு அந்நொதிகளுக்கு அவ்வாறு கரைந்து கொடுப்பதில்லை. கூழோடு சேர்ந்து உள்ளே செல்லும் நுண்ணுயிரிகளுள் பெரும்பாலானவை புழுவின் குடலிலேயே மடிகின்றன. அதன் கழிவிலுள்ள அம்மோனியா, புண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்து, நுண்ணுயிரிகள் சிலவற்றுக்கு அவ்விடத்தை ஒவ்வாததாக்குகிறது. 2010இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் இப்புழுவிலிருந்து நுண்ணுயிரிகளைக் கொல்லும் ஒரு சிறுபுரதத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு லூசிஃபென்சின் எனப் பெயரிட்டனர்.

பண்டுவ முறை எளியது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஈக்களின் முட்டைகளை வேதிக்கரைசலில் கழுவி நுண்ணுயிர் நீக்குகின்றனர். பொரிந்து வரும் புழு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். புண்ணின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 10 புழுக்கள் வைக்கப்படும். சுற்றியுள்ள நல்ல தோலுக்குக் காப்புப் பூச்சு இட்டு, மேலே நுண்வலை போர்த்தி ஒட்டுவர். புழுக்களுக்குக் காற்று வேண்டும். புண்ணீர் வடியவும் வழி வேண்டும். ஆகவே கட்டு இறுக்கமாக இருக்கலாகாது. தேயிலைப்பை போன்ற சிறு பைக்குள் புழுக்களை அடைத்து, அப்பையைப் புண்மேல் வைக்கும் முறையும் உண்டு. 48 முதல் 72 மணி நேரம் கழித்துக் கட்டைப் பிரித்தால், அவை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கொழுத்திருக்கும். உப்புநீரால் கழுவி எடுத்து, மருத்துவக் கழிவாக அழித்துவிடுவர். தேவையானால் மீண்டும் ஒரு முறை, சிலருக்கு மேலும் பல முறை.

அத்தான் என்னிடம் கேட்ட கேள்விகளைப் பலரும் கேட்பார்கள் என எண்ணுகிறேன். அவை உள்ளேயே தங்கிக் குட்டி போடுமா? போடாது. முட்டையிடுவது முதிர்ந்த ஈ. புழு இன்னும் வளராத பருவத்தது. கூட்டுப்புழுவாகி, பின்பு ஈயாகி வெளிவந்தாலன்றி அதனால் இனம்பெருக்க முடியாது. உடம்பைத் துளைத்துக்கொண்டு போகுமா? போகாது. வயிறு நிறைந்த புழு உணவைவிட்டு விலகி வறண்ட இடத்தைத் தேடுவதே அதன் இயல்பு. வலிக்குமா? இதற்கு மட்டும் ஆம், இல்லை என்று ஒரே விடை சொல்ல முடியாது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இதன் வரலாறு போர்க்களங்களில் தொடங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, வீரர்களின் புண்களில் புழுக்களைக் கண்டு எழுதினார். நெப்போலியனின் மருத்துவர் லாரே, எகிப்து, சிரியா படையெடுப்பின்போது, புழுவுற்ற புண்கள் விரைந்து ஆறுவதைக் கவனித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சக்கரியாஸ் என்னும் மருத்துவர் தாமே வேண்டுமென்று புழுக்களைப் பயன்படுத்தினார். எனினும் இதனை முறையான மருத்துவமாக்கிய பெருமை, பால்டிமோர் நகரத்து எலும்பு மருத்துவர் வில்லியம் பேயருக்கே உரியது.

1917இல், முதல் உலகப்போரின்போது, அவர் பிரான்சில் பணியாற்றினார். தொடையெலும்பு முறிந்து வெளிப்பட்டு, வயிற்றிலும் காயமுற்ற இரு வீரர்கள் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். ஏழு நாள் போர்க்களத்தில் உணவும் நீருமின்றிக் கிடந்தவர்கள் அவர்கள். அத்தகைய காயங்களுக்கு, நல்ல மருத்துவம் கிடைத்தும் நால்வரில் மூவர் இறந்த காலம் அது. இவ்விருவருக்கோ காய்ச்சல்கூட இல்லை. உடையை அகற்றியபோது புண்களில் ஆயிரக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. அருவருப்புடன் அவற்றைக் கழுவினார் பேயர். சீழும் அழுகலும் இருக்குமென்று எதிர்பார்த்த இடத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் புதுச்சதை இருந்தது.

அந்தக் காட்சியை அவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் வைத்திருந்தார். 1928இல், எலும்பழற்சி நோயால் ஆறாத புண்ணோடு துன்புற்ற நான்கு குழந்தைகளுக்கு முதலில் இதனைச் செய்து பார்த்தார். புண்கள் ஆறின. பின்பு வந்த நோயர் சிலருக்குப் புழுக்களின் வழியாகவே இசிவுநோய் முதலிய தொற்றுகள் நேர்ந்தன. அம்முறையை அவர் கைவிடவில்லை. முட்டைகளை நுண்ணுயிர் நீக்கிய பின்பே பயன்படுத்தும் வழியைத் தேடினார். இன்றைய பண்டுவத்தின் அடிப்படை அதுவே. 1931இல் அவர் காலமானார். அவருடைய கட்டுரை அதே ஆண்டு வெளிவந்தது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் புழுக்களைப் பயன்படுத்தின. மருந்து நிறுவனமே அவற்றை வளர்த்து விற்றது.

1940களில் பெனிசிலின் வந்தது, புழு மறக்கப்பட்டது. அம்மருந்துகளுக்கு அடங்காத நுண்ணுயிரிகள் பெருகிய பின்னரே மீண்டும் நினைக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ரொனால்டு ஷெர்மன் ஆய்வை மீண்டும் தொடங்கினார். 1995இல் தென்வேல்ஸ் பகுதியின் பிரிட்ஜெண்டு நகரில் புழு வளர்ப்புக்கூடம் ஒன்று ஏற்பட்டது. 2004இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை புழுவை மருத்துவர் பரிந்துரைத்து வழங்கும் மருத்துவக் கருவியாக ஏற்றது. உயிருள்ள ஒன்றைக் 'கருவி' எனும் பெயரில் பதிவுசெய்ய நேர்ந்தது, சட்டமொழியின் இக்கட்டுகளுள் ஒன்று. அதே ஆண்டில் அட்டையும் அப்பட்டியலில் சேர்ந்தது.

நம் நாட்டில் இப்பணியைச் செய்தது அப்போது கோலாலம்பூரில் இயங்கிய மருத்துவ ஆய்வுக்கழகம். 1900இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் பூச்சியியலாளர்கள், உள்நாட்டு லூசிலியா குப்ரினாவை ஆய்வகத்தில் வளர்த்து மருத்துவமனைகளுக்கு வழங்கினர். நீரிழிவுக் கால்புண்ணில் அதனையும் வழக்கமான அறுவை முறையையும் ஒப்பிட்ட மலேசிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒத்த பயன் தந்தன என்பதே அதன் முடிவு. கத்தியை வெல்லவில்லை, கத்திக்குத் தோற்கவுமில்லை. அறுவைக்கு உடல்நிலை இடங்கொடாத நோயர்க்கு இச்செய்தி சிறியதன்று.

அதே 2009இல் இங்கிலாந்தில் கால்புண் உள்ள 267 பேரிடம் செய்த ஆய்வு வெளியாயிற்று. புழுவை நேரே இட்டவர்க்குப் புண் தூய்மையாக ஆன இடைநிலைக் காலம் 14 நாள். பையில் இட்டவர்க்கு 28 நாள். களிம்பிட்டவர்க்கு 72 நாள். வேறுபாடு பெரிது. ஆனால் புண் முழுதும் ஆறுவதற்கு ஆன காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புழுவிட்டவர்கள் கூடுதலான வலியையும் உணர்ந்தனர். புழு மருத்துவத்தைப் புகழ்வோர் முதற்பகுதியையும், இகழ்வோர் இரண்டாம் பகுதியையும் மட்டும் எடுத்துக்காட்டுவதைக் கண்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். புழு துப்புரவுப் பணியாளர். வீட்டைக் கூட்டும், கட்டித்தராது. குருதியோட்டம், சருக்கரை அளவு, காலுக்கு ஓய்வு ஆகியவை சரியாக இல்லையெனில், தூய்மையான புண்ணும் ஆறாப் புண்ணாகவே நிற்கும். நரம்புணர்வு மங்கிய நீரிழிவுக் காலில் வலி குறைவாக இருக்கும். உணர்வுள்ள புண்ணில் வலிநீக்கி தேவைப்படும். பெரிய குருதிக்குழாய்க்கு அருகிலுள்ள புண்ணுக்கும், குருதி எளிதில் உறையாதவர்க்கும் மருத்துவர் இதனைத் தவிர்ப்பர். புழுவுக்கு ஈரம் வேண்டுவதால் காய்ந்து இறுகிய பொருக்குப் புண்ணுக்கும் இது அப்படியே பொருந்தாது.

ஓர் எச்சரிக்கையை இங்குக் கூறாமல் விடலாகாது. புண்ணில் தானாக வந்து சேர்ந்த புழு மருத்துவப் புழு அன்று. அது எந்த ஈயின் புழு, எந்த அழுக்கைச் சுமந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. தெற்காசியாவிலும் மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியாவிலும் திருகுப்புழு ஈ ஒன்று உண்டு. அதன் புழு உயிருள்ள சதையையே தின்னும், கால்நடைகளைக் கொல்லும், மனிதரையும் தாக்கும். லூசிலியா குப்ரினாவுமேகூட ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளின் தோலைத் தாக்கும் பெருங்கேடாக அறியப்பட்டது. தக்க இனத்தைத் தேர்ந்து, தூய்மையாக வளர்த்து, எண்ணி வைத்து, எண்ணிய நேரத்தில் எடுப்பதால்தான் அது மருந்தாகிறது. வீட்டில் முயன்று பார்க்கும் கைவைத்தியம் அன்று இது.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'லார்வா' என்பது இலத்தீனில் பேயையும் முகமூடியையும் குறித்த சொல். முதிர்ந்த உருவத்தை மறைத்து நிற்கும் முகமூடி என்னும் கருத்தில் பூச்சியின் இளமைக்கு அது வந்தது. மலாய்மொழியில் 'ஊலாட்' பொதுச்சொல். அழுகலில் நெளியும் ஈப்புழுவிற்குப் 'பெரெங்கா' என்னும் தனிச்சொல் உண்டு. தாதி பொதுச்சொல்லையே தேர்ந்தது இரக்கத்தினால் இருக்கலாம். நமக்கோ நெல்லில் இருப்பதும் மண்ணில் இருப்பதும் பிணத்தில் இருப்பதும் புழுவே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் லார்வாவைக் 'குடம்பி' என்கின்றன. கூட்டைக் குறிக்கும் 'குடம்பை' என்னும் பழஞ்சொல்லை நினைவூட்டும் நல்ல ஆக்கம். நம் மாணவர்க்குத்தான் அது அறிமுகமில்லை. 'கிருமி' என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. வடமொழியில் அது முதலில் புழுவையே குறித்தது. நுண்ணோக்கி வந்த பின் அச்சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிக்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே இம்மருத்துவத்தை அன்றைய பொருளிலும் இன்றைய பொருளிலும் சேர்த்துச் சொன்னால், கிருமியைக் கொண்டு கிருமியை அழிப்பது என்றாகும்.

அட்டைக்கு இந்தத் தொல்லை நேரவில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளுள் 'அட்டை விடல்' ஒன்று. குருதி குடிக்கும் அட்டையை நாம் ஏற்றோம். இறந்ததை மட்டும் உண்ணும் புழுவை ஏற்கவில்லை. அட்டைக்குத் தமிழில் ஒரு மருத்துவ வினை வாய்த்துவிட்டது, புழுவுக்கு வாய்க்கவில்லை.

இதற்குக் கலைச்சொல் ஆக்கும்போது புழு என்னும் சொல்லையே மறைத்துவிட வேண்டும் என்பார் உளர். 'உயிரிவழிப் புண்தூய்மை' போன்ற ஆக்கங்கள் முன்வைக்கப்படலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இசைவுப் படிவத்தில் கையொப்பம் இடுபவர், தம் காலின் மேல் எது ஊரப் போகிறது என்பதை அறிந்தே இட வேண்டும். கட்டைப் பிரிக்கும்போது முதன்முதலாக அறிபவர் ஏமாற்றப்பட்டவர். 'ஈப்புழு மருத்துவம்' என நேரே கூறி, அதற்கடுத்த வரியிலேயே அது என்ன செய்யும், என்ன செய்யாது, எத்தனை நாள் இருக்கும் என விளக்குவதே முறை என்பது என் கருத்து.

அத்தானை இசைய வைத்தது என் விளக்கம் அன்று. பதினோராம் நாள் மருத்துவமனையில் அந்தத் தாதி சிறு குப்பி ஒன்றைக் கொண்டுவந்து விளக்கொளியில் காட்டினார். உள்ளே அரிசி நொய்யைவிடச் சிறியனவாகச் சில அசைந்தன. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானா? இது புழு இல்ல மாப்பிள்ளை. ஈக்குஞ்சு" என்றார். மீன்குஞ்சு, கோழிக்குஞ்சு என்பன போல் அவருக்கு அது இயல்பாக வந்தது. தவழும் உயிர்களின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் ஒப்புகிறது. ஆனால் 'ஈப்பார்ப்பு' என்று அவரிடம் கூறும் துணிவு எனக்கு அப்போது இருக்கவில்லை.

மூன்று முறை வைத்தார்கள். புண் தூய்மையாயிற்று. எலும்பு வரை தொற்று எட்டியிருந்த இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது, பாதம் நின்றது. அந்தப் பத்து நாள் தாழ்ந்திராவிட்டால் விரல்களும் நின்றிருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். அவர் சொல்ல இயலாது என்றார். இரண்டாம் முறைக்கு முந்திய நாள் அத்தான் தாதியிடம், "மிஸ்ஸி, ஈக்குஞ்சு எப்ப வரும்?" என்று தமிழிலேயே கேட்டார். அவருக்கு அது விளங்கிற்று. மறுநாள் பட்டியலைப் பார்த்து, அதே சொல்லை மலாய் ஒலிப்பில் திருப்பிச் சொன்னார்.